பொறுப்பில் இருந்தவர்

'பொறுப்பு' என்னும் சொல்லுக்குக் கடமை என்று பொருள் கொள்வது உலக வழக்கு. அரசு அலுவலகங்களில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நிலையான அதிகாரி நீண்ட விடுப்பில் சென்றாலோ, ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமல் இருந்தாலோ, அடுத்த நிலையில் உள்ளவர் அவ்விருக்கையில் அமர்ந்து அலுவல்களைக் கவனிப்பார். அவர் கையெழுத்தின் கீழே, பதவியின் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதப்படும். அந்த அடைப்புக்குறிக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கிக் கிடக்கிறது என்பதை, மத்திய அரசுப் பணியை நம்பி ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் சங்கக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சங்க இலக்கியத்தில் ஒரு துறையை எடுத்துக்கொண்டு எழுதலாம் என்றே எண்ணியிருந்தோம். ஆயின் சென்ற சில மாதங்களாக நம் உள்ளத்தை விட்டு அகலாதிருப்பது, 1972ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மயாமி டால்ஃபின்ஸ் என்னும் தொழில்முறைக் கால்பந்து அணி ஆடிய ஒரு பருவத்தின் வரலாறு. பிட்ஸ்பர்க் நகரில் படிக்கும் மைத்துனர் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது அந்த வரலாற்றை நமக்குச் சொன்னான். பழைய ஒளிப்படங்களையும் காட்டினான். அந்த ஆட்டத்தின் நுட்பங்களை அறிந்தவர் என்று நம்மைக் கூறிக்கொள்ள இயலாது. எனினும் அந்த அணியில் இருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதாமல் இருக்கவும் இயலவில்லை.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்தன்று. அதில் பந்தைக் காலால் உதைப்பது அருகியே நிகழும். கையில் ஏந்தி ஓடுவதும், கையால் எறிந்து பிடிப்பதுமே மிகுதி. பக்கத்துக்கு 11 பேர். 100 கஜ நீளக் களம். பந்து வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் 4 முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லையைக் கடந்துவிட்டால் 6 புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்பவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். அணியின் மூளை அவரே. அவர் வீழ்ந்தால் அணி வீழ்ந்தது என்று கொள்வதே வழக்கம்.

மயாமி அணி 1966ஆம் ஆண்டில் பிறந்தது. அதனை நிறுவிய ஜோ ராபி, லெபனானிலிருந்து வந்து குடியேறிய ஒருவரின் மகன். முதல் ஆண்டில் 14 ஆட்டங்களில் 3 வெற்றி, 11 தோல்வி. 1969இலும் வெற்றி மூன்றே. 1970இல் டான் ஷூலா என்பவர் பயிற்சியாளராக வந்தார். அவர் ஹங்கேரிய வழியினர். பந்தை ஏந்தி மோதி முன்னேறுவதில் பெயர் பெற்ற லாரி ஸாங்க்காவும் ஹங்கேரிய வழியினரே. தடுப்பாட்டத்தின் தலைவர் நிக் புவோனிகாண்டி இத்தாலியக் குடும்பத்தில் வந்தவர். பந்தை உதைத்துப் புள்ளி சேர்க்கும் காரோ யெப்ரெமியன் சைப்ரஸ் தீவில் ஆர்மேனியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களும் அவர்தம் மக்களுமாக அமைந்த அணி என்பதனால், நம்மனோர்க்கு அதன்பால் ஓர் உறவு தோன்றுவது இயல்பேயாகும்.

ஷூலாவின் வருகைக்குப் பின் அணி தலைநிமிர்ந்தது. 1971ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிப் போட்டியாகிய சூப்பர் பௌல் வரை சென்றது. 1972 ஜனவரியில் நடந்த அப்போட்டியில் டல்லாஸ் அணியிடம் 24க்கு 3 என்ற கணக்கில் தோற்றது. ஷூலாவுக்கு அது இரண்டாவது இறுதித் தோல்வி. முதல் தோல்வி 1969 ஜனவரியில், அவர் பால்டிமோர் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது நேர்ந்தது. வெல்வது உறுதி என்று நாடே எதிர்பார்த்த அந்த அணி, நியூயார்க் ஜெட்ஸ் அணியிடம் 16க்கு 7 என்று வீழ்ந்தது. அன்று பால்டிமோரின் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் எர்ல் மாரல்.

நாம் சொல்ல வந்த மனிதர் இவரே. மாரல் 1934இல் மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்னும் ஊரில் பிறந்தவர். 1956இல் தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்தார். சான் பிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், நியூயார்க், பால்டிமோர், மயாமி என்று ஆறு அணிகளில், 1976 வரை 21 பருவங்கள் ஆடினார். இந்த மாறுதல் பட்டியலைப் படித்தபோது நம் பணிப்பதிவேடே நினைவுக்கு வந்தது. அவற்றுள் பல ஆண்டுகள் பிறருக்குப் பதிலாக இருந்த ஆண்டுகள். 1968இல் பால்டிமோரின் புகழ்பெற்ற ஜானி யுனைட்டஸ் காயமுற்றபோது, அவர் இடத்தில் ஆடி, அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் பெற்றார் மாரல். ஆயினும் இறுதிப் போட்டியில் அவர் எறிந்த பந்துகளுள் மூன்று எதிரணியினர் கையில் சிக்கின. பிற்பாதியில் அவரை எடுத்துவிட்டு, முழுதும் குணமடையாத யுனைட்டஸையே ஷூலா களத்தில் இறக்கினார். ஓராண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் மறக்கப்பட்டது.

1972ஆம் ஆண்டில் பால்டிமோர் அணி அவரை வேண்டாமென்று விடுவித்தது. விடுவிக்கப்பட்டவரைப் பெறுவதற்குரிய கட்டணமாகிய 100 டாலரைச் செலுத்தி, மயாமிக்கு வரவழைத்தார் ஷூலா. மாரலுக்கு அப்போது வயது 38. அந்த ஆட்டத்தில் அது முதுமை. மயாமியின் நிலையான குவார்ட்டர்பேக் பாப் கிரீஸி, இருபத்தேழு வயது இளைஞர்.

பருவம் 1972 செப்டம்பர் 17இல் கான்சாஸ் நகரில் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களிலும் வெற்றி. அக்டோபர் 15இல் சான் டியேகோ அணியுடன் ஐந்தாவது ஆட்டம். தொடக்கத்திலேயே எதிரணி வீரர் இருவர் மோத, கிரீஸியின் கால் எலும்பு முறிந்து கணுக்காலும் பிசகியது. அவரைத் தூக்கிச் சென்றனர். குட்டையாக வெட்டிய முடியோடு மாரல் எழுந்து களத்துக்குள் சென்றார். அன்றைய ஆட்டம் 24க்கு 10 என்று வெற்றியில் முடிந்தது. அடுத்த வாரம் பஃபலோ அணியை ஒரே புள்ளி வேறுபாட்டில், 24க்கு 23 என்று வென்றனர். நவம்பரில் நியூ இங்கிலாந்து அணியை 52க்கு 0 என்று வென்றனர். டிசம்பர் 16இல் பருவத்தின் 14 ஆட்டங்களும் முடிந்தபோது, தோல்வி என்பதே இல்லை. ஐந்தாம் ஆட்டத்தின் பெரும்பகுதியும் அதன்பின் நிகழ்ந்த 9 ஆட்டங்களும் மாரலின் பொறுப்பில் நடந்தவை.

அவர்கள் எதிர்த்தாடிய அணிகள் வலிமை குறைந்தவை என்று கூறுவோர் உண்டு. தோல்வியை விட வெற்றி மிகுதியாகப் பெற்றவை அவற்றுள் இரண்டே. அவையும் 8க்கு 6 என்ற நிலையில் இருந்தவையே. இதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் அட்டவணை வகுத்தவர் வேறு, ஆடியவர் வேறு. முன்வந்த கோப்பை முடிப்பதே ஊழியன் கடன். கோப்பு எளிதா கடினமா என்பது அவன் தேர்வில் இல்லை.

கணக்கு எழுதும் தொழிலினராகிய நமக்குச் சுவை தந்த செய்தி ஒன்றும் அப்பருவத்தில் உண்டு. ஸாங்க்கா பந்தை ஏந்தி ஓடி அவ்வாண்டில் 1,117 கஜம் சேர்த்தார். மெர்க்குரி மாரிஸ் என்பவரின் கணக்கு 991 கஜத்தில் நின்றது. பின்னர் பஃபலோ ஆட்டத்தின் படச்சுருளைத் திரும்பப் பார்த்து ஆராய்ந்தனர். மாரிஸ் இழந்ததாக எழுதப்பட்ட 9 கஜம், உண்மையில் மாரலின் கைநழுவலால் நேர்ந்தது என்று தெரிந்தது. பதிவு திருத்தப்பட்டு மாரிஸின் கணக்கு சரியாக 1,000 ஆயிற்று. ஒரே அணியில் இருவர் ஒரே பருவத்தில் ஆயிரம் கஜத்தை எட்டியது அதுவே முதன்முறை. அந்த 9 கஜ இழப்பு யார் தலையில் எழுதப்பட்டது என்பதையும் நாம் கவனிக்கத் தவறவில்லை.

இங்கே நம் செய்தி சிறிது கூறவேண்டியுள்ளது. இரண்டாண்டுகளுக்கு முன் நம் அலுவலகக் கண்காணிப்பாளர் உடல்நலம் குன்றி நீண்ட மருத்துவ விடுப்பில் சென்றார். 'அன்றாட அலுவல்களை மட்டும்' கவனிக்குமாறு நமக்கு ஆணை வந்தது. இவ்வாறு எழுதப்பட்ட ஆணைக்குக் கூடுதல் ஊதியம் இல்லை என்பது விதி. பத்து மாதங்கள் அவ்விருக்கையில் இருந்தோம். தேங்கிக் கிடந்த ஓய்வூதியக் கோப்புகளை முடித்தோம். பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்த தணிக்கைக் குறிப்புகளுக்கு விடை எழுதி அனுப்பினோம். கண்காணிப்பாளர் நலம் பெற்றுத் திரும்பிய அன்று, சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு நம் பழைய மேசைக்கு வந்தோம். அம்மேசையில் இன்னொருவர் தம் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துப் பழகியிருந்தார், அவ்வளவுதான் மாற்றம். அவ்வாண்டுப் பாராட்டுக் கடிதத்தில் பதவியின் பெயர் இருந்தது. நம் பெயர் இல்லை.

இதனை நாம் பெரிதாகக் கொள்ளவில்லை என்றே நினைத்திருந்தோம். அப்போது எட்டாம் வகுப்பில் இருந்த நம் மகள் ஒருநாள் இரவு உணவின்போது, "அப்பா, நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்றா அந்த அறையிலிருந்து மாற்றிவிட்டார்கள்?" என்று கேட்டாள். சரியாகச் செய்ததும் உண்மை, மாற்றியதும் உண்மை என்று அக்குழந்தைக்கு எப்படி விளக்குவது? "அவர் வந்துவிட்டார், அதனால்" என்றோம். அந்த விடை அவளுக்கும் போதவில்லை, நமக்கும் போதவில்லை.

மாரலின் கதைக்கு மீள்வோம். டிசம்பர் 24இல் கிளீவ்லாந்து அணியை 20க்கு 14 என்று வென்றபின், அடுத்த ஆட்டம் டிசம்பர் 31இல் பிட்ஸ்பர்க்கில். தோல்வியே காணாத அணி எதிரியின் ஊருக்குப் போய் ஆடுவானேன் என்று கேட்கலாம். அக்காலத்தில் அவ்வாட்டத்தின் இடம் முறைவைத்துச் சுழன்று வந்தது. வெற்றிக் கணக்குக்கு அதில் மதிப்பில்லை. இடைவேளையில் 7க்கு 7. மயாமியின் அந்த 7 புள்ளிகளும் லாரி சைப்பிள் என்பவரின் துணிவினால் கிட்டியவை. பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணிக்கு அனுப்ப வேண்டியவர் அவர். எதிரணியினர் திரும்பி ஓடக் கண்டதும், உதைக்காமல் தாமே ஏந்திக்கொண்டு 37 கஜம் ஓடிவிட்டார். பிற்பாதியில் பிட்ஸ்பர்க் 10க்கு 7 என்று முந்தியது. ஆட்டம் தளர்ந்து நிற்பதைக் கண்ட ஷூலா, கால் குணமாகிக் காத்திருந்த கிரீஸியை அழைத்தார். மாரல் வெளியே வந்தார். கிரீஸி எறிந்த ஒரு பந்து 52 கஜம் தந்தது. ஆட்டம் 21க்கு 17 என்று வெற்றியில் முடிந்தது.

இறுதிப் போட்டிக்கு எவரைத் தொடக்கத்தில் இறக்குவது என்னும் கேள்வி எழுந்தது. தொடர்ந்து 11 ஆட்டங்களைத் தொடங்கி வைத்தவர் மாரல். அவற்றுள் ஒன்றிலும் அணி தோற்கவில்லை. எனினும் ஷூலா கிரீஸியையே தேர்ந்தார். மாரலுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் பெயரில் படிந்த கறையைத் தாமே துடைக்கும் வாய்ப்பு அது. ஆனால் அணியைப் பிளக்கும் சொல் ஒன்றும் அவரிடமிருந்து வரவில்லை. அழைத்தால் ஆடச் சித்தமாகப் பக்கவரிசையில் அமர்ந்திருந்தார்.

1973 ஜனவரி 14இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், 90,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் வாஷிங்டன் அணியுடன் இறுதிப் போட்டி நடந்தது. கிரீஸி 11 முறை பந்தை எறிந்தார். 8 முறை அது உரியவரிடம் சென்றது. இடைவேளைக்கு முன்பே மயாமி 14 புள்ளிகள் பெற்றுவிட்டது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில், யெப்ரெமியன் 3 புள்ளிகளுக்காகப் பந்தை உதைத்தார். அது சென்றிருந்தால், 17 ஆட்டங்களிலும் வென்ற அணி கடைசி ஆட்டத்தை 17க்கு 0 என்றே வென்றிருக்கும். உதைத்த பந்து தடுக்கப்பட்டு அவர் கைக்கே திரும்பியது. உதைப்பதையன்றி வேறறியாத அவர், அதனை எறிய முயன்றார். பந்து கைநழுவி மேலே எழ, வாஷிங்டனின் மைக் பாஸ் அதைப் பிடித்து ஓடி எல்லையைக் கடந்தார். 14க்கு 7. எஞ்சிய நிமிடங்களைத் தடுப்பாட்டக்காரர்கள் காத்தனர். 17 ஆட்டங்கள், 17 வெற்றிகள். அந்த லீகில் இறுதிவரை ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் ஓர் அணி வென்ற பருவம் அது ஒன்றே. 2007ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூ இங்கிலாந்து அணி 18 ஆட்டங்களை வென்று, 2008 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியில் தோற்றது.

வெற்றிக்குப் பிறகும் யெப்ரெமியன் அந்த நழுவலை எண்ணி மனம் நொந்திருந்தார். ஆறுதல் கூறி ஷூலாவின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் வந்தது. அது தமக்கு உயிர் தந்தது என்பார் அவர். பல ஆண்டுகள் கழித்து நன்றி கூறியபோது, ஷூலா அப்படியொரு கடிதத்தைத் தாம் எழுதவேயில்லை என்றாராம். எழுதிக் கணவர் பெயரில் கையொப்பமிட்டவர் அவர் துணைவியார் டோரத்தி. யெப்ரெமியனே பின்னாளில் கூறிய செய்தி இது. அந்த வீட்டிலும் ஒருவர் பொறுப்பில் இருந்திருக்கிறார்!

மகளுக்கு இக்கதையைச் சொன்னோம். அவள் கேட்டது ஒன்றே: "அந்த மாரலுக்கு வருத்தமே இல்லையா, அப்பா?" இருந்தது என்றோம். "வெளியே சொல்லவில்லையா?" சொல்லவில்லை என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்புறம் என்ன ஆனார்?" என்றாள்.

அப்புறம் நிகழ்ந்தது இது. மாரல் ஓய்வு பெற்றபின் மயாமிப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஜிம் கெல்லி, பெர்னி கோசார் போன்ற புகழ்மிக்க குவார்ட்டர்பேக்குகள் அவரிடம் பயின்றவர்கள். புளோரிடாவில் டேவி என்னும் ஊரின் மேயராகவும் இருந்தார். 2014 ஏப்ரலில் தம் 79ஆம் வயதில் மறைந்தார். மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால் விளையும் சிதைவு நோய் அவருக்கு முற்றிய நிலையில் இருந்தது என்று கண்டனர். 2016இல் அச்செய்தி வெளிவந்தது. புவோனிகாண்டியும் நினைவு குன்றி வருந்தி, தம் மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக 2017இல் அறிவித்து, 2019இல் மறைந்தார். 2013 ஆகஸ்டில் அந்த அணியினரைக் குடியரசுத் தலைவர் ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்துச் சிறப்பித்தார். நாற்பது ஆண்டு கழித்து வந்த பாராட்டு அது. அதே மாதத்தில்தான், தலைக்காயம் குறித்து முன்னாள் ஆட்டக்காரர் ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்கில் 76.5 கோடி டாலர் தர லீக் நிர்வாகம் இசைந்தது. பாராட்டு ஒரு பக்கம். வழக்காடிப் பெற வேண்டியிருந்த ஈடு மறு பக்கம்.

இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது நம் கருத்து. மாரலின் பெருமை இறங்கி வந்ததில் உள்ளது, அதில் ஐயமில்லை. அவர் வாய் திறந்து கசந்திருந்தால் பதினேழாவது வெற்றி என்ன ஆகியிருக்குமோ! ஆனால் தன்னலமின்றி உழைப்பவனுக்கு உரியதைத் தருவது அணியின் கடமை. அவன் கேளாமல் இருந்துவிட்டான் என்பது அக்கடமையைத் தீர்க்காது. இருக்கையை விட்டுக்கொடுப்பது பண்பு. உழைப்புக்குரிய பதிவைக் கேட்பதும் பண்புக்கு மாறானதன்று. மாரிஸின் 9 கஜத்தைப் படச்சுருள் பார்த்துத் திருத்தியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

சென்ற வாரம் நம் கண்காணிப்பாளர் மீண்டும் அறுவைச் சிகிச்சைக்குச் செல்கிறார் என்று தெரிந்தது. பொறுப்பை ஏற்க இயலுமா என்று நம்மை மேலிடத்தில் கேட்டார்கள். "போன தடவை கிடைத்தது போதாதா? முடியாது என்று எழுதிக் கொடுங்கள்" என்றனர் நண்பர்கள். துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை; நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்புகள் மறுபடி தேங்கினால் வருந்தப் போகிறவர்கள், ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் முதியவர்கள். ஆகவே ஏற்பதாகவே எழுதிக் கொடுத்தோம். அதே தாளில் இரண்டாவது பத்தியாக, 'அன்றாட அலுவல்கள்' என்று இல்லாமல், முழுப்பொறுப்புக்குரிய முறையான ஆணை வேண்டும், விதிப்படி உரிய ஊதியமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

ஆணை இன்னும் வரவில்லை. மகள் அந்த விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து, இரண்டாவது பத்தியில் விட்டுப்போயிருந்த ஒரு காற்புள்ளியை மட்டும் பென்சிலால் இட்டுத் தந்தாள்.